நதிமணல் பொரி

காசிக்குக் கங்கை, ஸ்ரீரங்கத்துக்குக் காவிரி, மதுரைக்கு வைகை. அந்த வரிசையில் திருவண்ணாமலைக்குச் சோணதாரா. மலையின் மடியில் பிறந்து, சித்தர் பாதங்களைக் கழுவி, சேர்ந்தவர் பாவத்தையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடும் அந்தப் புண்ணிய நதியின் கரையில் ஒரு குடிசை போட்டு உட்காரவே ஏழு ஜென்மத்துத் தவம் வேண்டும்.

மைக்செட் பலராமன் எழுதி அச்சுப்போட்ட 'சோணதாரா நதி மகாத்மியம்' இப்படித்தான் தொடங்குகிறது. இருபத்து நாலு பக்கம். முன்னட்டையில் மலை, பின்னட்டையில் பலராமன். நதியின் அகலம் சகாதேவன் டீக்கடைக்கு நேரே ஆறடி. கடைக்கு மேற்கே நாலடியாகக் குறுகும். அங்கே குடத்தோடு பெண்பிள்ளைகள் தாண்டுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் மலைமேல் மழை இறங்கினால் கூட்டிப் பெருக்கிப் பதினோரு நாள் தண்ணி போகும். மிச்ச நாளெல்லாம் அதில் எருமைகள் போகும். ஊரில் அதற்கு எருமையோடை என்று பேர். கரையில் பதினேழு வீடு.

பலராமனுக்குக் குரல்தான் சொத்து. தீபத்துக்கும் ஆடிக் கூழுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டுவார். தீபக் கூட்டத்தில் காணாமல்போன பிள்ளையை அவர் அறிவித்தால், பெற்றவளுக்கே அது ஏதோ ராஜா வீட்டுப் பிள்ளை என்று தோன்றும். "பக்தகோடிப் பெருமக்களே" என்று வருஷம் முழுக்கச் சொன்ன வாய்க்கு எருமையோடை என்று சொல்லக் கூசியது. எழுபத்தாறாம் வருஷம் ஒரு நாள் சோணதாரா என்று சொன்னது. பிறகு நிற்கவில்லை.

தெருமுனையில் பலகை வைத்தார்: 'சோணதாரா நதிக்கரைக் குடியிருப்பு. பாதணி தவிர்க்கவும்.' மூன்று படி சிமெண்டில் கட்டிப் படித்துறை என்றார். ஐப்பசியில் துலா ஸ்நானம் என்று தெருவையே விடிகாலையில் அதில் இறக்கி முங்கவைத்தார். முங்க ஆழம் போதாமல் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். தெருவுக்குப் பின்னால் கூரையில்லாத ஐந்து கல் அறைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் குந்தி உட்காருகிற அளவு. ஒவ்வொன்றிலும் பாதம் பதிக்கிற மாதிரி ஜோடியாக இரண்டு கல். அது பஞ்சரிஷிகள் தவம் செய்த இடம் என்றும், அந்தக் கல் ரிஷிபாதம் என்றும் புத்தகத்தின் பதினோராம் பக்கம் சொல்கிறது. செவ்வாய் வெள்ளியில் பெண்கள் அந்தப் பாதங்களுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். செங்கம் ரோட்டு ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் மூன்று நாள் காலையில் நடு அறையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். அந்தப் போட்டோ சகாதேவன் கடையில் சாமி படங்களுக்கு நடுவே மாட்டப்பட்டது.

இந்தப் பெருமையில் எதற்கும் பலராமன் சம்சாரம் வெள்ளையம்மாளுக்கு நேரமிருந்ததில்லை. அவள் பொரி வறுப்பவள். குடும்பம் ஓடியது பொரியில். மைக்செட்டுக்கு பேட்டரி வாங்கினதும், புத்தகம் அச்சுப்போட்டதும்கூடப் பொரியில்தான். ஐநூறு புத்தகத்தில் விற்றது பதினாலு. மற்றதை அவள் தாள் தாளாகக் கிழித்துப் பொட்டலம் மடித்தாள்.

"நதி மகாத்மியத்தக் கிழிக்கிறியே, பாவம்டி" என்பார் பலராமன்.

"படிக்காத தாளு, எழுத்து மங்காம கீது. பொரிக்கு நல்லா நிக்குது."

ஒரு விஷயத்தில் மட்டும் அவளும் அவர் சொல்லைக் கேட்டாள். பொரி வறுக்க மணல் வேண்டும். ஓடையில் மழைக்குப் பிறகு படிகிற மணல் குருணை போலச் சீராக இருக்கும்; தூசி சலித்து, கழுவிக் காயவைத்தால் நாலு பருவம் தாங்கும். காசில்லாத மணல் என்று அவள் எடுத்தாள். பலராமன் பொரிக்கடை வாசலில் 'சோணதாரா நதிமணலில் பொரிந்த தெய்வீகப் பொரி' என்று எழுதி மாட்டினார். பலகை வந்த வருஷம் வியாபாரம் ஒன்றுக்கு ஒன்றரை ஆனது. தீபப் படையலுக்கு அவள் பொரிதான் வேண்டும் என்று தேரடித் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அப்புறம் வெள்ளையம்மாள் பலகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தாலுகா ஆபீஸ் ஆள் ஒருத்தர் வந்து டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். புறம்போக்கில் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருப்பவர்களுக்கு மனைப்பட்டா கொடுக்கப்படும். ஆறு, ஓடை, ஏரி முதலான நீர்நிலைக் கரைகளில் இருப்பவர்களுக்குப் பட்டா கிடையாது; அவர்கள் காலி செய்யவேண்டும். விசாரணைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் (ஆர்.ஐ.) வியாழக்கிழமை வருவார்.

சகாதேவன் இரண்டாம் தடவையும் உரக்கப் படித்து முடித்துவிட்டுப் பலராமன் பக்கம் திரும்பினான்.

"இன்னா தலைவரே," என்றான் சகாதேவன். "நம்ம எங்க குடியிருக்கிறோம்?"

பலராமன் மேல்துண்டைச் சரிசெய்தார். "நதிக்கரைல."

"அத்தத்தான் கேட்டேன். வெளிய போய் இன்னொருவாட்டி சொல்லு. மைக் வேணுமா?"

வெள்ளையம்மாளுக்குச் சேதி வந்தபோது அவள் நெல்லுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள். பருவ நாட்களில் பொரி சலிக்க, புடைக்க வருகிறவள். விஷயத்தைக் கேட்டும் வெள்ளையம்மாள் கை நிற்கவில்லை. நெல்லைப் புரட்டி, கோணி போட்டு மூடி, மேலே கல் வைத்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரை அவள் மூன்று தரம் எழுப்பியிருக்கிறாள். முதலில் மண், அப்புறம் பச்சைக் கல், போன வருஷம்தான் சுட்ட கல். கூரைக்கு ஓடு வாங்கினது மூன்று தீபத்துப் பொரி.

"யக்கா, ஒண்ணு கேக்கறேன் கோச்சிக்காத," என்றாள் ஜோதியம்மாள். "ஒன் வூட்டுக்காரு வாய ஒரு வாரத்துக்கு எதுனா போட்டு அடச்சி வெக்க முடியுமா?"

"இருவது வருசமா பாக்கறேன். அடைக்கிற அளவுக்கு பொரி வறுக்கல நானு."

அன்று சாயங்காலமே தெரு கூடி முடிவெடுத்தது. சோணதாரா என்று ஒரு நதி இல்லை. இருந்ததில்லை. இது எருமைகள் போகிற பாதை. முனையில் இருந்த பலகை பிடுங்கப்பட்டு ஜோதியம்மாள் வீட்டு மாட்டுத் தொட்டிக்கு மூடியானது. படித்துறை மேல் வறட்டி தட்டினார்கள். வெள்ளைக்காரர் போட்டோ கழற்றப்பட்டது. பொரிக்கடைப் பலகையைத் திருப்பிப் போட்டு அதன்மேல் கோணி தொங்கவிட்டாள் வெள்ளையம்மாள். மிச்சமிருந்த புத்தகத்தாளை அடுப்பில் போட்டாள். ஆனால் போன வாரம் வரைக்கும் மடித்த பொட்டலம் ஊர் முழுக்கப் போயிருந்தது. எந்த ஆபீசர் வீட்டு அலமாரியில் எந்தப் பக்கம் கிடக்கிறதோ.

பலராமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர் முகம் போல இருந்தது. பலகையைப் பிடுங்கும்போது மட்டும், "பாத்துடா, எழுத்து தேயப் போவுது" என்றார்.

இனி ஒரே ஒரு சங்கதிதான் பாக்கி. மழை.

புதன்கிழமை காலையிலிருந்தே மலையுச்சி தெரியவில்லை. மேகம் மலைமேல் தலைமுண்டாசு மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கவும் இல்லாமல் விலகவும் இல்லாமல் நின்றது. அந்தத் தெருவுக்கு ஒரு கணக்கு உண்டு: மலைமேல் கனமாக மழை விழுந்தால், ஒரு மூட்டை நெல் பொரித்து முடிக்கிற நேரத்துக்குள் ஓடையில் தண்ணி வந்துவிடும். ஏழு வருஷமாக மழை வேண்டி அபிஷேகம் செய்த பலராமன், இந்த வருஷம் பிள்ளையாருக்கு எண்ணெய்க் காப்பு மட்டும் போட்டுவிட்டு, தண்ணி ஊற்றாமல் வந்தார்.

வியாழன் காலை பத்துமணிக்கு ஆர்.ஐ. சின்னசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சளி பிடித்து மஃப்ளர் சுற்றியிருந்தார். கூட சர்வேயர் காசி, தோளில் சங்கிலி, கக்கத்தில் சுருட்டிய துணி வரைபடம். பதினேழு வீட்டு ஆட்களும் குளித்து முழுகி நின்றார்கள்.

வெள்ளையம்மாள் மட்டும் அடுப்பைவிட்டு எழவில்லை. முந்தினநாள் நனைத்த நெல்லை அன்றே பொரித்தாக வேண்டும். விட்டால் புளித்து நாறும். கடலைத்தோலை அள்ளி அடுப்பில் போட்டாள். இருப்புச் சட்டியில் மணல் சூடேறியதா என்று கை நீட்டிப் பார்த்து, ஒரு படி நெல்லைக் கொட்டி, துடைப்பக்கட்டால் கிளறினாள். நெல் ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் ஒன்று வெடித்தது, பத்து வெடித்தது, சட்டி முழுக்க வெள்ளையாய்ப் பூத்தது. ஜோதியம்மாள் சல்லடையில் வாங்கி மணலைத் திரும்பச் சட்டியிலேயே இறக்கினாள். இத்தனைக்கும் நடுவே வெள்ளையம்மாளின் கண் மலைமேல் இருந்தது. உச்சி கறுத்துவிட்டது.

சர்வேயர் சங்கிலியை இழுத்தார். அளக்கிறவருக்கு அவசரமேயில்லை. ஒரு முனையில் குச்சி நட்டு, மறுமுனைக்குப் போய், மூக்கைச் சொறிந்து, திரும்பி வந்து குறித்தார்.

"சார், வேணும்னா நாங்க இழுத்துப் பிடிக்கிறோம்," என்றான் சகாதேவன். "சீக்கிரம் ஆவும்."

"எதுக்கப்பா அவசரம்? பத்து வருஷமா இருக்கிற வீடு, பத்து நிமிஷத்துல ஓடிடுமா?" என்றார் காசி.

ஆர்.ஐ. பொரி அடுப்பருகே வந்து நின்றார். சூடு அவருக்கு இதமாக இருந்தது போல. ஜோதியம்மாள் ஓடிப்போய் நாற்காலி போட்டாள். வெள்ளையம்மாள் ஒரு முறத்தில் சூடான பொரி போட்டு, நாட்டுச்சர்க்கரை தூவி நீட்டினாள். அவர் ஒரு கை எடுத்து வாயில் போட்டார்.

"நல்லா இருக்கும்மா. கல் கடிபடலை. மணல் எங்கேர்ந்து எடுக்கறீங்க?"

துடைப்பக்கட்டு சட்டியில் நின்றுவிட்டது. நெல் ஒரு பக்கம் கருகும் வாசனை வந்தது. ஓடையில் எடுக்கிறேன் என்றால், மணல் படிகிற அளவுக்கு இங்கே தண்ணி ஓடுகிறது என்று அர்த்தம். தண்ணி ஓடினால் ஓடை. ஓடை என்றால் வீடு போச்சு. ஜோதியம்மாள் சல்லடையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"பெண்ணையாத்து மணல் சார்," என்றாள் வெள்ளையம்மாள். "சாத்தனூர் பக்கத்துலேர்ந்து வண்டில வர்து."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா?"

"சாமி காரியம். கண்ட மணல் போட முடியுமா?"

ஆர்.ஐ. தலையசைத்து இன்னொரு கை எடுத்தார். பலராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெள்ளையம்மாள் பார்த்த பார்வையில் அது கொட்டாவியாக முடிந்தது.

"இந்தப் பள்ளம் இன்னாது?" என்று ஆர்.ஐ. பேனாவால் ஓடையைக் காட்டினார்.

"எரும பாதை சார்," என்றது தெரு ஒரே குரலில்.

"தண்ணி வருமா?"

"தண்ணியா!" சகாதேவன் சிரித்தான். "இங்க குடிக்கவே தண்ணி கம்மி சார். எருமைங்களே காஞ்ச கால்லதான் போவுது."

அப்போது மேற்கே ஒரு இரைச்சல் கேட்டது. தூரத்தில் லாரி வருகிற மாதிரி. சகாதேவனின் சிரிப்பு முகத்திலேயே தங்கிவிட்டது. இரைச்சல் வளர்ந்தது. திரும்பி நின்ற பதினேழு பேர் முதுகுக்கும் பின்னால், சருகும் நுரையும் ஒரு பழைய செருப்புமாக, எருமையோடையில் தண்ணி வந்தது. முழங்கால் உயரம், செம்மண் நிறம். படித்துறையின் வறட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிற்று. வறட்டி போன இடத்தில் சிமெண்டில் பதித்திருந்த எழுத்து தெரிந்தது. 'சோணதாரா படித்துறை. உபயம்: மைக்செட் பலராமன்.'

ஆர்.ஐ. மஃப்ளரை இறக்கிவிட்டு எழுந்தார்.

"எருமை பாதைனீங்க."

பலராமனின் கண் தண்ணியின்மேல் இருந்தது. ஏழு வருஷத்தில் தண்ணி இத்தனை கம்பீரமாக வந்ததில்லை. அவர் தோள் நிமிர்ந்தது, மார்பு விரிந்தது, வாய் தானாகத் திறந்தது. வெள்ளையம்மாள் அந்தத் தோளைப் பார்த்தாள். அது மைக்கைப் பிடிக்கிறபோது நிமிருகிற தோள். இன்னும் ஒரு மூச்சு விட்டால் 'பக்தகோடிப் பெருமக்களே' வந்துவிடும்.

"சாக்கட சார்," என்றாள் அவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "சொல்றதுக்கு வெக்கப்பட்டுகினு எரும பாதைன்றாங்க. வெறும் சாக்கட."

ஆர்.ஐ. அவளைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு ஒரு ஃபைலை எடுத்தார், நாடா அவிழ்த்தார். "இதுல அஞ்சு மனு இருக்கு. எழுபத்தேழுலேர்ந்து. சோணதாராவை அரசாங்கம் நதியா அறிவிக்கணும், வரைபடத்துல சேர்க்கணும்னு. கூடவே அத்தாட்சியா ஒரு புத்தகம்." பின்னட்டையைத் திருப்பி, எதிரே நின்ற முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "ஒவ்வொண்ணுலயும் பதினேழு கையெழுத்து. நீங்கதானே பெரியவரே?"

வறட்டி தட்டினது, பலகை பிடுங்கினது எல்லாம் வீண். சாட்சி ஆறு வருஷமாகத் தாலுகா ஆபீஸில் நாடா கட்டிப் பத்திரமாக இருந்திருக்கிறது.

"நதின்னு நீங்களே அஞ்சு தரம் எழுதிக் கொடுத்திருக்கீங்க. தண்ணியும் வந்துடுச்சி. நான் இன்னா பண்ணட்டும்? காலி பண்ணணும்னுதான் எழுதணும்."

ஜோதியம்மாள் சல்லடையைக் கீழே போட்டாள். "ஏ பாவி மனுசா!" என்று பலராமனைப் பார்த்துக் கத்தினாள். "மானம் மரியாதயா எருமையோடைல குடியிருந்தோம். நதிக்கரைக்குக் கூட்டிக்கினு வந்து நடுத்தெருல வுட்டியே!"

அந்த நேரத்தில், தண்ணிக்குத் தள்ளி மண்டிபோட்டுத் துணி வரைபடத்தை விரித்திருந்த சர்வேயர் காசி, "சார், இங்க பாருங்க" என்றார்.

பழைய சர்வே வரைபடம். ஓரம் பூச்சி அரித்திருந்தது. காசி விரலை வைத்துப் போனார். "இது இயற்கை ஓடை இல்ல சார். மலைலேர்ந்து வர்ற கோடே இல்ல. பின்னால ஒரு சத்திரம் இருந்திருக்குது. கோமளவல்லி சத்திரம். அங்கேர்ந்து வெட்டின கால்வாய் இது. பிற்பாடு மேல கரை ஒடஞ்சி மழைத்தண்ணி இதுல சேந்திருக்கணும்."

"இன்னா கால்வாய்னு போட்டிருக்குது?"

காசி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். "சத்திரம் கக்கூஸ் வடிகால்." பிறகு எழுந்து தெருவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அதோ நிக்குதே, அஞ்சு அறை. அதான் கக்கூஸ். உள்ள காலு வெக்கிற கல்லுகூட அப்படியே இருக்கும் பாருங்க. அந்தக் காலத்து வேலை."

ஜோதியம்மாள் வலது கையைப் பார்த்தாள்; இரண்டு நாள் முன்னால் ரிஷிபாதத்துக்கு மஞ்சள் பூசின கை. மெதுவாக முந்தானையில் துடைத்தாள். சகாதேவன் ஓடைக்கரையிலிருந்து இரண்டடி பின்வாங்கினான். சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆர்.ஐ. முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "அப்போ சரிதான். வெட்டின வடிகால், நீர்நிலையில வராது. சத்திரத்து இடம் எப்பவோ குடியிருப்பு நத்தமா மாறியிருக்கு. பட்டா கொடுக்கலாம். ஆனா இந்த அஞ்சு மனு ஃபைல்ல கிடக்கே. அது தப்பு, இது நதி இல்ல, கக்கூஸ் வடிகால்தான்னு அதே பதினேழு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். முதல் கையெழுத்து பெரியவர் போடணும்."

தெரு மூச்சுவிட்டது. எல்லோரும் பலராமனைப் பார்த்தார்கள்.

பலராமன் தலையை ஆட்டினார். "அது மட்டும் முடியாது."

"இன்னாது?" என்றான் சகாதேவன்.

"வூடு இன்னிக்கிப் போவும், நாளைக்கி வரும். நதிய கக்கூஸ்னு எழுத இந்தக் கை வராது. ஏழு வருசம். எவ்ளோ பேரு முங்கியிருக்காங்க, எவ்ளோ பேரு தீர்த்தம்னு வாங்கிக் குடிச்சிருக்காங்க…"

"அத்த ஞாபகப்படுத்தாத தலைவரே!" என்று அலறினான் சகாதேவன்.

இதற்கெல்லாம் நடுவே வெள்ளையம்மாள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் மணல் இருந்தது. சிவந்து, குருணை போலச் சீராக. தீபத்துக்கு ஏழு நாள். ஆறு மூட்டைப் பொரி கட்டி அடுக்கியாகிவிட்டது; இன்னும் நாலு மூட்டை நெல் இருக்கிறது. நதி என்றால் வீடு இல்லை. கக்கூஸ் வடிகால் என்றால், தெய்வீகப் பொரி என்று அஞ்சு வருஷமாகத் தேரடித் தெரு வாங்கிப் படைத்தது எந்த மணலில் வறுத்தது? ஊருக்குத் தெரிந்தால் இந்த வருஷம் மட்டுமல்ல, இனி எந்த வருஷமும் அவளிடம் ஒரு பொட்டலம் வாங்க நாய்கூட வராது. பொரி இல்லாத வீட்டில் பட்டாவை வறுத்தா தின்பது?

ஜோதியம்மாளுக்கும் அப்போதுதான் உறைத்தது. குனிந்து, காதருகே, "யக்கா… மணலு…" என்றாள்.

"வாய மூடுடி."

"நெருப்புல சிவக்குதே. தோசம் ஒண்ணியும் இல்ல, இல்லக்கா?"

"நீ துலா ஸ்நானம் பண்ண தண்ணி, நெருப்புல சிவந்துதா?"

ஜோதியம்மாள் வாயை மூடினாள். வெள்ளையம்மாள் தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். பதினேழு வீடு. அத்தனை பேருக்கும் மணல் எங்கே எடுக்கிறாள் என்று தெரியும். அத்தனை பேரும் இதில் முங்கினவர்கள். மணலைப் பற்றி ஒருத்தர் வாய் திறந்தால், முங்கினதைப் பற்றி அவள் வாய் திறப்பாள். இது அவர்களுக்கும் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தெரியப்படுத்தலாம். ஆர்.ஐ.யோ சாத்தனூர் மணல் என்று நம்பிக் கையில் பொரியோடு நிற்கிறார்.

அவள் எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டு, நேரே பலராமன் முன்னால் போய் நின்றாள்.

"யோவ். உனக்கு நதிதான் வேணும்னா ஒண்ணு பண்ணு. பாயச் சுருட்டிக்கினு போயி அந்த நதில படுத்துக்கோ. நான் கக்கூஸுக்குப் பக்கத்துல என் வூட்ல படுத்துக்கறேன்."

"ஏய், சபைல…"

"எந்த சபை? இந்தச் செவுரு மூணுவாட்டி கட்டினேன். ஒருவாட்டி நீ கல்லு எடுத்துக் குடுத்தியா? அன்னிக்கும் மைக்குல யாரோ புள்ளயத் தேடிக்கினு இருந்த. எழுதுய்யா."

பலராமன் சுற்றிப் பார்த்தார். ஒரு முகத்திலும் இடம் கிடைக்கவில்லை. ஆர்.ஐ. நீட்டிய பேனாவை வாங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். தூறல் விழ ஆரம்பித்தது. சகாதேவன் தலைக்குமேல் தகரத்தட்டைப் பிடித்தான். பலராமன் வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து, குரலை இறக்கிப் படித்துக் காட்டினார்:

"'மேற்படி நீரோட்டமானது, முற்காலத்தில் சத்திரத்து அன்பர்களின் சரீர சுத்தியை முன்னிட்டு ஏற்படுத்தப்பட்ட ஒரு தூய்மைப்படுத்தும் தாரை என…'"

"கக்கூஸ்னு எழுதுங்க," என்றார் ஆர்.ஐ.

"பொருள் அதான் சார்."

"வார்த்தையும் அதான் வேணும். வரைபடத்துல இருக்கிறபடி."

அடித்து எழுதினார். வெள்ளையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஜோதியம்மாளைக் கூட்டிவந்து அந்த இடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்துச் சரிபார்த்தாள். கீழே பலராமன் கையெழுத்துப் போட்டு, பழக்கதோஷத்தில் 'தலைவர், சோணதாரா நதிக்கரை' என்று ஆரம்பித்துவிட்டார். ஆர்.ஐ. அதையும் அடிக்கச் சொன்னார். பிறகு வரிசையாகப் பதினாறு பேர் போட்டார்கள். தண்ணியைத் தொட்ட விரலால் ரேகை வைக்க ஒருத்தர் யோசித்தார், வைத்தார்.

ஆர்.ஐ. கிளம்பும்போது, தீபத்துக்கு வீட்டுக்கு வேண்டும் என்று நாலு படி பொரி கேட்டார். "சாத்தனூர் மணல்னா எங்க வீட்ல சந்தோஷப்படுவாங்க" என்றார். வெள்ளையம்மாள் அளந்து கட்டிக் கொடுத்தாள்.

சைக்கிள் முனை திரும்பினதும் தெருவைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"எம்மணலு சாத்தனூரு மணலு. உங்க துலா ஸ்நானம் ஐயங்குளத்துல. செரியா?"

"செரி அண்ணி," என்றான் சகாதேவன். மற்றவர்கள் அதைவிட வேகமாகத் தலையாட்டினார்கள்.

மறுநாள் பலராமன் வெளியே வரவில்லை. அதற்கு மறுநாள் காலை, வெள்ளையம்மாள் அடுப்பு மூட்டும்போது, பழைய பலகையை இழுத்துப் போட்டு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். காய்ந்ததும் சிவப்பில் எழுதினார்: 'சாத்தனூர் தென்பெண்ணை மகாநதி மணலில் பொரிந்த தெய்வீகப் பொரி.' எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது தோள் கொஞ்சம் நிமிர்ந்தது. அவள் பலகையை மாட்ட ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

சாத்தனூரிலிருந்து நிஜமாகவே வண்டி மணல் கொண்டுவர அவள் ஆள் அனுப்பாமலில்லை. அடைமழை, ஆற்றில் வெள்ளம், வண்டி எதுவும் இறங்கவில்லை. ஊரில் வேறெங்கும் காய்ந்த மணலும் இல்லை. நனைத்த நெல் காத்திருக்காது. நாலு மூட்டையும் அதே சட்டியில், அதே மணலில் பொரிந்தது.

பட்டா தை மாசம் வந்தது. அதற்கு முன்னால் தீபம் வந்தது. அந்த வருஷம் பொரி வழக்கத்தைவிட ஜாஸ்தியாகவே போயிற்று. தீபத்துக்கு முதல்நாள் மத்தியானமே கடை காலி.

தீபத்தன்று காலையில் வெள்ளையம்மாள் பை எடுத்துக்கொண்டு, போளூர் ரோட்டுக் கடை ஒன்றில், தன் வீட்டுப் படையலுக்கு இரண்டு படி பொரி வாங்கிவந்தாள்.